ஜன்னல் வழியா, கதவு வழியா?

பாரிஸின் லாச்சப்பலில் தோசை தின்கிற எவருக்கும், தான் எந்த முதலாளியின் பெயரில் உட்கார்ந்து தின்கிறோம் என்ற கவலை கிடையாது. கய் வீதி என்றால் நமக்குப் புடைவைக் கடை, மரக்கறிக் கடை. அந்தக் கய் ரயில் எஞ்சின் செய்து விற்றுப் பணக்காரரானவர். பெர்தொனே வீதிக்காரர் ரயில்பாதைப் பொறியியல் படிப்பித்த வாத்தியார். பிலிப் து ஜிரார் வீதிக்காரருடையதுதான் வயிறெரியும் கதை. ஆளி நாரை இயந்திரத்தில் நூற்றுக் காட்டுகிறவருக்கு ஒரு மில்லியன் பிராங்க் பரிசு என்று 1810இல் நெப்போலியன் அறிவித்தார். ஜிரார் அதே வருடம் இயந்திரத்தைச் செய்து, காப்புரிமையும் எடுத்துவிட்டார். பரிசு வரவில்லை. முதலில் நிபந்தனை மாறியது, பிறகு ஆட்சியே மாறியது. கடன் கழுத்தை நெரிக்க, மனிதர் ஒஸ்திரியாவுக்கும் போலந்துக்கும் போய்ச் சேர்ந்தார். போலந்துக்காரர் ஒரு ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள். பிரான்ஸ் கொடுத்தது எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீதி. வருடக் கடைசியில் போனஸ் பார்ப்போம் என்று மேனேஜர் சொல்லியிருந்தால், அந்த வீதியால் ஒருக்கால் நடந்துவிட்டு வாருங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த கம்பனி இவர்களுடையது அல்ல. நெடுங்காலம் அது பிரான்ஸ் அரசாங்கத்தின் சொந்தக் கம்பனி. இருநூறு வருடங்களில் பல பெயர் மாறியது, பல தலைவர்களைப் பார்த்தது. ஊழியரை எப்படி நடத்துவது என்ற விஷயத்தில் மட்டும் அது கொள்கை மாறாத குடும்பம்.

லாச்சப்பலில் இருந்து மேற்கே இருபது நிமிடம் நடந்து மேடேறினால் மொன்மார்த் குன்று. சக்ரே கேர் பேராலயத்தின் வெள்ளைப் பகட்டுக்குப் பின்னால், ஒருவரும் திரும்பிப் பார்க்காத சென் பியர் என்ற பழைய தேவாலயம் இருக்கிறது. புரட்சிக்காலத்தில் அதன் கூரையில் ஒரு கோபுரம் எழுப்பி, உச்சியில் மரக்கைகளைப் பூட்டினார்கள். பிரான்ஸின் முதல் டெலிகொம் கம்பனியின் கிளை அலுவலகம் அது. கம்பனியை ஆரம்பித்தவர் குளோட் சாப் என்ற சாமியார். புரட்சி வந்து கோயில் வருமானத்தை நிறுத்தியதும், வேலையில்லாத பட்டதாரிகள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டார்ட்-அப் தொடங்கினார். 1792இல் பாரிஸில் பரிசோதனைக்கு வைத்த கருவியை, சிறையில் இருக்கிற ராஜாவுக்கு ரகசியச் சைகை காட்டுகிறான் என்று சொல்லி சனம் கொளுத்தியது. வாடிக்கையாளரின் முதல் கருத்து அப்படித்தான் கிடைத்தது. ஆனால் அண்ணன் இஞ்ஞாஸ் சட்டமன்ற உறுப்பினர். அரசாங்க ஒப்பந்தம் பிறகு எப்படிக் கிடைத்தது என்று நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

1794இல் பாரிஸ் - லீல் தடம் தயார். ஏறக்குறைய 230 கிலோமீட்டர். கொந்தே என்ற கோட்டையை ஒஸ்திரியரிடம் இருந்து மீட்ட செய்தி அந்தக் கோடையில் குதிரைகளை முந்திக்கொண்டு பாரிஸ் மன்றத்துக்கு வந்தபோது உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். சாப் தேசத்தின் செல்லப்பிள்ளையானார்.

கருவி எளிமையானது. நடுவில் ஒரு நீள மரம், அதன் இரு முனைகளிலும் மடங்கும் இரண்டு கைகள். அவற்றைப் பலவிதமாக மடக்கிச் செய்திக்கு 92 கோலங்கள் எடுத்தார்கள். அகராதியில் 92 பக்கம், பக்கத்துக்கு 92 சொல். முதல் கோலம் பக்கத்தைச் சொல்லும், இரண்டாவது சொல்லைக் காட்டும். இதுவரைக்கும் அறிவு. இனி முகாமைத்துவம்.

அந்த அகராதி பெரிய நிலையங்களில் இருந்த இயக்குநர்களிடம் மட்டும்தான் இருந்தது. இடையில் கோபுரம் கோபுரமாக உட்கார்ந்திருந்தவனுக்கு அது கண்ணிலும் காட்டப்படாது. அவன் வேலை, தொலைநோக்கியில் அடுத்த கோபுரத்தைப் பார்ப்பது, அதே கோலத்தில் தன் கைகளை மடக்குவது, மற்றப் பக்கத்துக் கோபுரக்காரன் சரியாக மடக்கினானா என்று திரும்பிப் பார்ப்பது. விடிந்ததில் இருந்து பொழுது படும்வரை இதுவே. சம்பளம் நாளுக்கு ஒன்றரை பிராங்க் அளவில். தூங்கினால், பிந்தினால், பிழைவிட்டால் அதிலும் வெட்டு. சண்டையில் வென்றோமா, எந்த ராஜா வந்தார், எவர் போனார் என்பதெல்லாம் அவன் கை வழியாகத்தான் போனது. அவனுக்கு மட்டும் தெரியாது. கோபுரத்தால் இறங்கிச் சந்தைக்குப் போய் மற்றவர்களிடம் கேட்டுத்தான் அறிந்துகொண்டிருப்பான்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் ஒருவன், "ஐயா, நான் இவ்வளவு நேரமும் என்னத்தை அனுப்பினனான்?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். லா டிஃபோன்ஸ் அலுவலக வட்டாரத்தில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். காலையில் வட்டமாக நின்று நேற்றுச் செய்ததையும் இன்று செய்யப்போவதையும் ஒப்புவிக்கிறார்கள், ஒரு டிக்கெட்டை மூடி அடுத்ததைத் திறக்கிறார்கள். முடிவில் அது என்னவாக ஆகிறது என்று கேட்டால், "அது புரொடக்ட் ஆக்களுக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். நல்ல சம்பளம், நல்ல கதிரை. கோபுரம் மட்டும் அதேதான்.

சாப் தன்னையும் தப்பவிடவில்லை. இதைவிடத் திறமான கருவி எங்களிடம் இருக்கிறது என்று சிலர் கிளம்பினார்கள். இது எங்கள் யோசனை என்று வேறு சிலர் வந்தார்கள். எல்லாக் கோபுரத்தையும் தானே கண்காணிக்கிற மனிதர், ஒவ்வொரு குறையையும் தன் நெஞ்சிலேயே வாங்கினார். 1805 ஜனவரியில் தலைமை அலுவலகத்துக் கிணற்றில் விழுந்து உயிரை விட்டார். அந்தக் கம்பனி எடுத்த முதல் உயிர் ஸ்தாபகருடையது. கதிரை சகோதரர்களுக்குப் போனது. 1830 புரட்சி வந்து இறக்கும்வரை அவர்கள் மாறி மாறி அதில் இருந்தார்கள்.

ஒன்றும் தெரியாதவனால் ஒன்றையும் காட்டிக்கொடுக்க முடியாது: இதுதான் சாப் குடும்பத்தின் தத்துவம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. அதை உடைத்தவர்கள் பிளாங் சகோதரர்கள் என்ற இரட்டையர், பிரான்சுவாவும் ஜோசப்பும். போர்தோவில் பங்குச்சந்தைக்காரர். (லாச்சப்பலுக்குப் பக்கத்து மெற்றோ நிலையமான லூயி பிளாங்குக்கும் இவர்களுக்கும் சொந்தமில்லை. அவர் தொழிலாளிக்காக எழுதினவர். இவர்கள் தொழிலாளியை வாங்கினவர்கள்.)

அரசாங்கக் கடன் பத்திரத்தின் விலை பாரிஸில் ஏறினதா இறங்கினதா என்ற செய்தி போர்தோவுக்குத் தபால் வண்டியில் வர நாட்கள் எடுக்கும். முன்னமே தெரிந்தவனுக்குக் காசு கொட்டும். தந்திக் கோபுரம் ஒரே நாளில் கொண்டுவந்துவிடும், ஆனால் அது அரசாங்கச் செய்திக்கு மட்டும். ஆகவே 1834இல் சகோதரர்கள் வழியில் இருந்த தூர் நகரத்தில் கிபூ என்ற கோபுர ஊழியரைப் பிடித்தார்கள். பாரிஸில் இருக்கும் கூட்டாளி தபாலில் கிபூவுக்கு ஒரு சிறு பொதி அனுப்புவார்: கையுறை அல்லது காலுறை. நிறத்தைப் பார்த்தால் விலை எந்தப் பக்கம் போனது என்று கிபூவுக்கு விளங்கும். உடனே அவர் அரசாங்கச் செய்தியின் நடுவே ஒரு பிழையான கோலத்தைச் செருகுவார். அடுத்த கணம், "முன்னது பிழை, விட்டுவிடு" என்ற கோலத்தையும் காட்டுவார்.

அடுத்த கோபுரத்துக்காரன் என்ன செய்வான்? பிழையையும் மடக்குவான், மன்னிப்பையும் மடக்குவான். அதற்கடுத்தவனும் அப்படியே. யோசிக்கக் கூடாது என்றுதானே அவனுக்குச் சம்பளம். தூரில் செய்திகளைத் திருத்துகிற அதிகாரி ஒருவர் இருந்தார்; அவரைத் தாண்டிய பிறகுதான் கிபூ கைவைப்பார். போர்தோவில் இயக்குநர் பிழையை வெட்டிவிட்டுச் செய்தியை வடிவாக எழுதி மேலே கொடுத்துவிடுவார். ஆனால் ஊருக்கு வெளியே தொலைநோக்கியோடு காத்திருந்த பிளாங்கின் ஆளுக்கு அந்தப் பிழைதான் செய்தி. இரண்டு வருடம் அரசாங்கத்தின் கோபுரங்கள் எல்லாம் வரிசையாக நின்று இரண்டு சூதாடிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தன. ஒருவருக்கும் ஐமிச்சம் வரவில்லை.

1836இல் கிபூவுக்குச் சுகமில்லாமல் போனது. நல்ல ஊழியர் லீவு எடுக்கும்போது என்ன செய்வார்? வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பார். கிபூவும் சகா ஒருவரைக் கூப்பிட்டு இந்தப் பகுதிநேர வேலையை விளக்கினார். குட்டு உடைந்தது. 1837 மார்ச்சில் தூரில் வழக்கு. தனியார் செய்தி அனுப்பக் கூடாது என்று அன்று ஒரு சட்டமும் இருக்கவில்லை என்பதால் சகோதரர்கள் தப்பினார்கள். பிரான்சுவா பிளாங் பிறகு மொனாக்கோ போய் மொன்தே கார்லோ கஸினோவை நடத்தி, ராஜாக்கள் வந்து தோற்கும் அளவுக்குப் பெரிய மனிதரானார். அரசாங்கம் தீர்ப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் சட்டம் போட்டது: அனுமதி இல்லாமல் சைகைச் செய்தி அனுப்பினால் ஒரு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, 10,000 பிராங்க் வரை அபராதம். கோபுரக்காரனின் சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சாப் சகோதரர்களுக்குப் பிறகு தலைவரான அல்போன்ஸ் ஃபுவா காலத்தில் மின்சாரத் தந்தி வந்தது. வயரை ஒரு குடிகாரன் அறுத்தால் போச்சு, கோபுரத்தை யார் அறுப்பது என்று எதிர்த்து வாதாடியவர்களும் உண்டு. அவர்களில் முன்னணியில் நின்ற டொக்டர் ஜூல் கியோ பிற்காலத்தில் முந்திரிகைக் கொடியை வெட்டிப் படர்த்தும் முறைக்குத்தான் பெயர் எடுத்தார். அவருக்குப் பொருத்தமான துறை. ஃபுவா இரண்டு பக்கத்தையும் சமாளித்தார். மின்சாரம் வரட்டும், ஆனால் கருவியின் முகப்பில் இரண்டு சிறு முட்கள் சாப்பின் மரக்கைகளைப் போலவே மடங்க வேண்டும் என்றார். கடிகாரம் செய்கிற பிரெகே அப்படியே செய்துகொடுத்தார். மோர்ஸின் முறை அப்போதே இருந்தும், 1845இல் இருந்து பத்து வருடம் பிரான்ஸின் மின்சாரம் மரக்கட்டையாக நடித்தது. மாற்றத்தை ஊழியர் நோகாமல் கொண்டுவந்த ஒரே தலைவர் என்று நான் ஃபுவாவுக்கு ஒரு கும்பிடு போடுவேன். 1855இல் மோர்ஸ் வந்தது, கோபுரங்கள் மூடப்பட்டன, கோபுரக்காரர் வீட்டுக்குப் போனார்கள்.

1889இல் அரசாங்கம் டெலிபோனையும் தன் கையில் எடுத்தது. இம்முறை கோபுரத்துக்குப் பதிலாக நீளமான மண்டபம், வரிசையாகப் பெண்கள், காதில் கருவி, முதுகுக்குப் பின்னால் நடந்து திரியும் மேற்பார்வைக்காரி. தொடர்பு கிடைக்கப் பிந்தினால் திட்டு வாங்குவது அந்தப் பிள்ளை. இயந்திரம் பழசு என்று சந்தாதாரருக்குச் சொல்லவும் முடியாது. 1904இல் சில்வியாக் என்ற நடிகை பொறுமை இழந்து, இவர்கள் மாடு மேய்க்கிறவளவைபோல நடக்கிறார்கள் என்ற கருத்துப்படக் கத்திவிட்டார். நிர்வாகம் துள்ளி எழுந்து, அரசாங்க ஊழியரை அவமதித்தார் என்று வழக்குப் போட்டது. பார்க்க ஊழியர் மேல் பாசம் மாதிரித்தான் இருக்கும். இயந்திரத்தைத் திருத்தக் காசு வேணும், வழக்குப் போட ஒரு கடிதம் போதும். நடிகை விடுதலையானார், சந்தாதாரர்கள் அவருக்குக் கைதட்டினார்கள், பிள்ளைகள் பழைய பலகைக்கு முன்னாலேயே இருந்தார்கள்.

அவர்கள் பலகையை விட்டு எழுந்தது 1909 மார்ச்சில். துறைக்குப் பொறுப்பாக இருந்த துணைச் செயலர் சிமியான் பதவி உயர்வு முறையில் கைவைத்தார். பேச்சிலும் கட்டுப்பாடு இல்லை. தந்தி அலுவலகப் பெண்களைக் கேவலமாகத் திட்டினார் என்ற கதை மண்டபம் மண்டபமாகப் பரவியது. தந்தி நின்றது, கடிதம் மலைபோலக் குவிந்தது, பங்குச்சந்தைக்கும் பத்திரிகைக்கும் கண் கட்டியதுபோல ஆனது. இவர்கள் இல்லாமல் நாடு நகராது என்று நாட்டுக்கே அப்போதுதான் தெரிந்தது. பிரதமர் கிளெமான்சோ சமாதானமாகப் பேசினார். ஊழியர்கள் சிமியான் போய்விடுவார் என்று நம்பித் திரும்பினார்கள். சிமியான் போகவில்லை. மே மாதம் மறுபடி எழும்பியபோது வேலை போனது நூற்றுக்கணக்கான ஊழியருக்கு. சிமியானின் கதிரை, கோடையில் கிளெமான்சோவின் ஆட்சி விழும்வரை அசையவில்லை.

பிறகு நெடுங்காலம் தூக்கம். பிரான்ஸில் பாதிப்பேர் டெலிபோன் இணைப்புக்குக் காத்திருக்கிறார்கள், மீதிப்பேர் ரிசீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு சத்தம் வருமா என்று காத்திருக்கிறார்கள் என்பது அறுபதுகளின் பகிடி. 1974இல் ஜெரார் தெரி தலைவரானார். பொறியியலாளர், துரத்தித் துரத்தி வேலை வாங்குகிற ரகம். ஆனால் வேலை என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: வீட்டுக்கு வீடு லைன் இழுப்பது. ஏழெட்டு வருடத்தில் இழுத்தும் முடித்தார்கள். மினிடெல் என்ற திரைப்பெட்டியை இலவசமாகவே கொடுத்தார்கள். ஊழியர்கள் இன்றும் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கும்போது நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். மினிடெல்லில் இரவு நேரச் சரசப் பேச்சுக்கு நிமிடக் கணக்கில் வந்த காசில் அரசாங்கம் கூச்சமில்லாமல் பங்கு எடுத்தது தனிக்கதை. இதே தெரி 1994இல் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், இணையம் வியாபாரச் சேவைக்குப் பொருந்தாது என்ற தொனியில் எழுதி வைத்தார். ஃபுவாவின் ஆவி அவ்வளவு லேசில் போகாது.

எண்பதுகளில் நாங்கள் வந்து சேர்ந்தபோது பார்த்தது இந்தத் தெரி கட்டிய நாட்டைத்தான். ஃபோபூர் சென் தெனி வீதியில் டெலிபோன் கூண்டுக்கு வெளியே குளிரில் வரிசை. உள்ளே ஒருவர் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் அம்மாவிடம், "சாப்பிட்டியளோ?" என்று கத்துவார். வெளியே நிற்கிறவர், "அண்ணை, காணும், வையுங்கோ" என்று கண்ணாடியில் தட்டுவார். அந்தக் கூண்டைத் திருத்த வருகிற நீல உடுப்புத் தொழில்நுட்பக்காரர் வீதியில் ஒரு மரியாதையான மனிதர். அவர் அரசாங்க ஊழியர். அவரை வேலையில் இருந்து நீக்க முடியாது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் கடைசி வரிதான்.

1997இல், பிரான்ஸ் டெலிகொம் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கம்பனி பங்குச்சந்தைக்கு வந்தது. 2000இல் பிரித்தானியக் கைபேசிக் கம்பனியான ஒரேஞ்சை வாங்கியது. 2002இல் கடன் 60 பில்லியன் யூரோவைத் தாண்டியது. கடனை வாங்கினது மேல்மாடி, அடைக்க வேண்டியது கீழ்மாடி. 2005இல் தலைவராக வந்த திதியே லொம்பார் திட்டம் போட்டார்: மூன்று வருடத்தில் 22,000 பேர் போக வேண்டும், 10,000 பேர் வேலை மாற வேண்டும். நீக்க முடியாத ஆளை எப்படிப் போகப்பண்ணுவது? தானாகவே போகப்பண்ணுவது. 2006 அக்டோபர் 20 அன்று உயர் முகாமையாளர்கள் கூட்டத்தில், ஏதோ ஒரு விதத்தில், ஜன்னல் வழியோ கதவு வழியோ அவர்களைப் போகச் செய்வேன் என்றார் லொம்பார். அது எழுத்தில் பதிவாகி இருக்கிறது.

முகாமையாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கே காட்டிய வரைபடம், சாவு வீட்டுத் துக்கம் படிப்படியாக எப்படி ஆறுகிறது என்று காட்டும் வளைகோடு. கூப்ளர்-ரொஸ் என்ற மனநல மருத்துவர் சாகப் போகிற நோயாளிகளோடு பேசிக் கண்ட கட்டங்களை, வேலை மாற்றத்துக்குப் பொருத்திப் படிப்பித்தார்கள். முதலில் மறுப்பார், பிறகு கோபப்படுவார், பிறகு சோர்ந்துபோவார், கடைசியில் ஏற்றுக்கொள்வார். ஆகவே சோர்ந்துபோனால் பயப்பட வேண்டாம், சரியான பாதையில்தான் போகிறார்! எத்தனை பேரைப் போகச் செய்தார்கள் என்பதும் முகாமையாளரின் போனஸ் கணக்கில் சேர்ந்தது. முப்பது வருடம் கம்பத்தில் ஏறினவரைத் தலையில் கருவி மாட்டிக் கோல் சென்டரில் இருத்தி, எழுதிக்கொடுத்ததை வாசி என்றார்கள். சிலருக்கு அலுவலகத்தை மாற்றினார்கள், சிலருக்கு மேசை இருந்தது, வேலை இல்லை. 2007இல் தொழிற்சங்கங்கள் இந்த மன அழுத்தத்தைப் பதிவுசெய்ய ஒரு அவதானிப்பு மையம் தொடங்கின. நாட்டை இணையத்தால் இணைக்கும் கம்பனி, தன் அலுவலகக் கணினிகளில் அந்த மையத்தின் இணையத்தளத்தை அடைத்துவைத்தது.

தொழிற்சங்கங்களின் கணக்கில் 2008, 2009 இரண்டு வருடத்தில் மட்டும் 35 ஊழியர்கள் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். சிலர் காரணம் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். காரணம் வேலை என்று எழுதினார்கள். இந்த இடத்தில் எனக்குப் பகிடி வராது. பகிடி வந்தது லொம்பாருக்கு: 2009 செப்டெம்பரில் செய்தியாளர் முன்னால் இதை ஒரு நாகரிக மோகம் என்ற அர்த்தத்தில் பேசி, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடம் கதிரை போனது. ஜன்னல் வழியாக அல்ல.

2019 மே மாதம் வழக்கு தொடங்கியது. நீதிமன்றம் ஆராய்ந்தது 39 பேரின் கதையை. அதில் 19 பேர் உயிரோடு இல்லை. டிசம்பர் 20இல் தீர்ப்பு. கம்பனிக்கு 75,000 யூரோ அபராதம். சட்டம் அனுமதித்த உச்சம் அவ்வளவுதான். லொம்பாருக்கும் அவருடைய துணைத் தலைவருக்கும் ஆளணி இயக்குநருக்கும் ஒரு வருடச் சிறை, அதில் எட்டு மாதம் ஒத்திவைப்பு, 15,000 யூரோ அபராதம். 2022இல் மேல்முறையீட்டில் லொம்பாரின் சிறை முழுவதும் ஒத்திவைக்கப்பட்டது. அவர் அதோடு நிற்கவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வாதம் சுவாரசியமானது. துன்புறுத்தல் என்றால் இன்னாரை என்று ஒரு ஆள் வேண்டுமாம். நாங்கள் எவரையும் குறிவைக்கவில்லையே, அது கம்பனி முழுவதற்குமான கொள்கை, அந்த ஊழியர்கள் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது என்பதுதான் அதன் சாரம். தெரியாதவன் மேல் குற்றமில்லை என்ற சாப் குடும்பத்துத் தத்துவத்தை இந்த முறை மேல்மாடி கடன் வாங்கிப் பார்த்தது.

2025 ஜனவரி 21இல் நீதிபதிகள் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஆளை அடையாளம் தெரிந்திருக்கத் தேவையில்லை, எல்லோர் மேலும் விழும்படி ஒரு கொள்கையைத் தெரிந்தே வைத்திருந்தாலே குற்றந்தான் என்றார்கள்.